கொம்புச் சத்தத்துக்கு வந்தவை

மகனே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இலங்கைத் தோட்டத்தில் உன்னைக் கணக்கப்பிள்ளையாக உயர்த்தியிருக்கிறார்கள் என்று படித்ததும் முற்றத்தில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டு, அந்த வரியை மறுபடியும் வாசித்துக் காட்டினேன். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்று கேட்டார். முகம் மலர்ந்துபோயிற்று. அடுத்த பக்கத்தையும் அப்படியே உரக்க வாசித்திருப்பேன். நல்ல வேளை, வாய்க்கு முன்னால் கண் ஓடிவிட்டது. காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு, அதுதான் வேலைக்கு வரிசையில் நிறுத்துவதற்கு, கொம்பு ஊதி அழைப்பது இனி உன் பொறுப்பு என்று எழுதியிருக்கிறாய். அங்குள்ள கொம்பு வெடித்துவிட்டதால் அப்பா ஏலத்தில் எடுத்த துரையின் கொம்பைக் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சத்தம் கேட்டால் நாய் மாதிரி ஓடி வருகிறார்கள் அம்மா, பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பிந்தி வந்த இரண்டு பேரை இன்றைக்கு வேலையில்லை என்று திருப்பி அனுப்பினேன், இப்போது எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது" என்றும் எழுதியிருக்கிறாய். என் வயிற்றில் பிறந்தவன் எழுதியதா என்று கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உன் கையெழுத்துதான்.

கொம்பு எங்களிடம் இல்லை. அது கருங்கல் ஊரில் உன் அக்கா ரூத்தின் வீட்டில் இருக்கிறது. அவள் தரமாட்டாள். நான் கேட்கவும் மாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியாது. அவள் கல்யாணத்துக்கு உன் துரை உனக்கு லீவு கொடுக்கவில்லை. "கர்த்தருடைய கிருபையால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது" என்று உனக்கு எழுதினோம். அது பொய்யில்லை. ஆனால் முடிந்த விதத்தை எழுதவில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளை எதற்குக் கலங்க வேண்டும் என்று நினைத்தோம். இப்போது நீ கலங்கினால்தான் நல்லது என்று தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

ரப்பர் விலை படுத்துப்போன அந்தக் காலத்தில் நம் ஊருக்கு மேலே இருந்த எஸ்டேட்டின் துரை எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கப்பல் ஏறினது உனக்குத் தெரியும். பங்களாச் சாமான்களை ஏலம் போட்டபோது அப்பாவும் போனார். நாற்காலி, கட்டில் ஏதாவது வரும் என்று நான் பார்த்திருக்க, அவர் ஒரு குழலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். செம்புக் குழல், வாய் வைக்கிற இடத்தில் வெள்ளி. வளைவே இல்லை. அடுப்பு ஊதுகிற ஊதாங்குழல் என்றே நான் நினைத்தேன். "கொம்பாக்கும். தொரை வேட்டைக்குப் போவும்போ ஊதினது" என்றார். கொம்பு என்றால் வளைந்துதானே இருக்க வேண்டும் என்று கேட்டேன். ரூத் அப்போது பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "மாட்டுத் தலையில இருக்கதும் கொம்பு, ஊதுகதும் கொம்பு, ஏகாரம் வந்தா எழுத்துக்கு முன்ன போடுகதும் கொம்பு. முதல்ல மாட்டுக்க கொம்பத்தான் ஊதியிருப்பாவ அம்மா. பெறவு செம்புல செய்தாலும் பேரு மாறல்ல" என்றாள். சிரித்தோம். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அந்தச் செம்பில் ஓர் அடையாளம் செதுக்கியிருந்தது. ஒரு மிளா மானின் தலை, அதற்குக் கீழே கயிற்றில் தொங்குகிற வளைந்த கொம்பு, அதற்கும் கீழே யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. துரையின் பீங்கானிலும் கரண்டியிலும்கூட இதே அடையாளம் இருந்ததாம். நம் மகாராஜாவின் அஞ்சல் தலையில் சங்கு இருக்கிறதே, அதுபோல வெள்ளைக்கார சாயிப்புமாரில் பெரிய குடும்பங்களுக்கு வீட்டுக்கொரு முத்திரை உண்டென்று நம் சபைப் போதகரான ஐயர் சொன்னார். அந்தத் துரையின் முன்னோர் ஏதோ ஒரு ராஜாவின் வேட்டைக் காட்டில் கொம்பு ஊதுகிற வேலைக்காரராக இருந்திருக்கலாம் என்றும், பிறகு நிலம் கிடைத்துப் பெரிய ஆளானதும் ஊதின கொம்பையே குலத்தின் அடையாளமாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்றும் சொன்னார். யாரோ ஒருவன் விடியற்காலையில் குளிரில் நின்று ஊதியிருக்கிறான். அவன் பேரப்பிள்ளைகள் சோறு தின்கிற தட்டில் அதை வரைந்துகொண்டு, ஊதுவதற்கு வேறு ஆளை வைத்திருக்கிறார்கள். நீயும் ஊதுகிற வேலையில்தான் இருக்கிறாய் மகனே. கூப்பிடச் சொல்கிறவன் வேறு. வந்து நிற்கிறவர்களைப் பார்த்து நீ சிரிக்கத் தொடங்கியதுதான் எனக்கு விளங்கவில்லை.

அப்பா அந்தக் கொம்பை ஏன் எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். திருவட்டாற்றுக் கோவிலில் பள்ளிவேட்டை நடக்கும்போது சாமி வேட்டைக்குப் போகிற கொம்புச் சத்தமும் மேளமும் காற்று இந்தப் பக்கம் வீசினால் நம் வீடு வரைக்கும் கேட்கும். நம் ஆட்கள் அதைத் தூரத்தில் நின்று கேட்டவர்கள். அப்பாவின் தாத்தா காலத்தில் நம் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொம்பு ஊதக் கூடாது, பல்லக்கு கூடாது, மீறினால் அடிதான். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர் அவர். "எனக்க மொவ கல்யாணத்துக்குக் கொம்பு ஊதணும். ஆரும் வந்து தடுக்கட்டும், பாப்போம்" என்று ஏலத்தன்றே சொல்லிவிட்டார். தடுக்க யாரும் வரவில்லை. வந்தது வேறு.

கல்யாணத்தன்று நான் வாசலில் பன்னீர்ச்செம்போடு நின்றேன். கருங்கலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வில்லுவண்டிகளில் வந்து இறங்கினார்கள். முதலில் பந்தலில் இருத்தி உபசரித்துவிட்டு, பிறகு எல்லாருமாக வேதக்கோவிலுக்குப் போய் ஐயர் முன்னால் தாலி கட்டுவது என்று ஏற்பாடு. உன் அத்தான் ஞானதாஸ் வாத்தியார் வெள்ளைக் கோட்டுப் போட்டு, பேசாமல், தலை குனிந்தபடி இறங்கினார். அப்பா பந்தலுக்கு முன்னால் நின்று கொம்பை வாயில் வைத்து ஊதினார். பெரிய முழக்கம் வரும் என்று எதிர்பார்த்தோம். ஒரு மெல்லிய, கூரான சத்தம்தான் வந்தது; ஆனால் அது போய்க்கொண்டே இருந்தது. ரப்பர்த் தோட்டத்தைத் தாண்டி மேலே மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். சம்பந்தி இன்னொரு முறை ஊதச் சொன்னார். அப்பா மறுபடியும், மறுபடியும் ஊதினார்.

நாங்கள் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டிருக்கும்போது ரப்பர் மரங்களுக்கிடையிலிருந்து நாய்கள் வந்தன. ஆறு நாய்கள். வெள்ளையில் கருப்பும் தவிட்டு நிறமும் திட்டுத் திட்டாக, காது தொங்கிக்கொண்டு, விலா எலும்பு ஒவ்வொன்றாய்த் தெரிய. குரைக்கவில்லை. ஓடி வந்து, விலகி நின்ற ஜனங்களுக்கு நடுவே நுழைந்து, யாரையும் மோந்துகூடப் பார்க்காமல், நேரே அப்பாவின் முன்னால் போய் அரைவட்டமாக உட்கார்ந்து அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தன. கல்யாண வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை.

அவை துரையின் நாய்கள். மிளாவும் பன்றியும் வேட்டையாட அவர் கப்பலில் வரவழைத்தவை. போகும்போது காவல்காரனிடம் விட்டுவிட்டுப் போனார். அவனுக்கும் சம்பளம் நின்றுபோய், அவனும் போய்விட்டான். நாய்கள் காட்டோரம் அலைந்து ராத்திரியில் ஆடு பிடிக்கத் தொடங்கின. அடுத்த வீட்டுத் தாசையனுக்கு ஓர் ஆடுகூட மிச்சமில்லை. அவனுடைய ஜீவனமே அந்த ஆடுகள்தான். ஆண்கள் பல தடவை மறைந்திருந்து பார்த்தும் ஒரு நாயைக்கூடப் பக்கத்தில் காண முடிந்ததில்லை. அன்றைக்கு ஆறும் பட்டப்பகலில், நம் முற்றத்தில், ஒன்றாய் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

தாசையன் மெல்ல நகர்ந்து அப்பாவின் காதருகே போனான். "அண்ணே, அனங்காதீரும். தோக்கு எடுத்துட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியோடு திரும்பி வந்தான். "இன்னொருக்கா ஊதும். ஊதினாத்தான் இது நிக்கும்" என்றான். அப்பா ஊதவில்லை. கொம்பைப் பிடித்தபடி நின்றார். சம்பந்திக்குப் பொறுமை போய்விட்டது. "ஊதும் சம்மந்தி. எங்க பெண்டு பிள்ளையளெல்லாம் நிக்குவு. சாடிப் பிடிச்சா ஆரு சமாதானம் சொல்லது?" என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு நினைப்பில்லை. நான் தலையாட்டினேன். அவர் ஊதினார்.

வெடி வெடித்தது. ஓரத்தில் இருந்த நாய் அப்படியே சாய்ந்தது. மற்றவை சிதறி ஓடும் என்று ஜனங்கள் பின்னால் ஒதுங்கினார்கள். மகனே, அவை ஓடவில்லை. எழுந்து நின்று, மூக்கைத் தூக்கி, ரப்பர்த் தோட்டத்தைப் பார்த்தன. ஒன்று வேலி வரைக்கும் ஓடிப் புதரை மோந்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. கொம்பு ஊதி, வெடி வெடித்தால், எங்கேயோ மிளா விழுந்திருக்கிறது என்றுதான் அவற்றைப் பழக்கியிருக்கிறார்கள். விழுந்தது தங்களில் ஒன்று என்று அவற்றுக்குத் தோன்றவேயில்லை. இரையைத் தேடுகின்றன. தாசையனுடையது நாட்டுத் துப்பாக்கி. மறுபடி மருந்து போட்டுக் கம்பியால் இடிக்க நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் அவை நிற்பதற்காக அப்பா ஊதிக்கொண்டே நின்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, ஆனாலும் ஊதினார். இரண்டாவது வெடியும் வெடித்தது, இன்னொரு நாயும் சாய்ந்தது.

மூன்றாவது தடவை தாசையன் மருந்து எடுக்கும்போது உன் அத்தான் எழுந்து வந்தார். மாப்பிள்ளை எழுந்து வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. இரத்தத்தின்மேல் மிதித்துக்கொண்டே வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். "மாமா, அத இங்க தாருங்க. கூப்பிட்டு வந்ததை இப்படிச் செய்யாண்டாம்" என்றார். தாசையன், "வாத்தியாரே, எனக்க ஆடு போச்சு" என்றான். "போனது எனக்குத் தெரியும் அண்ணே. நான் கொண்டுபோய் அடைச்சுப்போடுகேன். இனி உம்ம ஆட்டுக்கு வராது" என்றார். கொம்பை உயரப் பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் நடக்கத் தொடங்கினார். அவருக்கு ஊதத் தெரியாது. நாய்கள் நான்கும் கொம்பைப் பார்த்தபடி பின்னாலேயே போயின. வெள்ளைக் கோட்டு ரப்பர் மரங்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

மாப்பிள்ளை போய்விட்டார். எப்படி இருந்திருக்கும் எனக்கு என்று யோசித்துப் பார். கோவிலில் ஐயர் காத்திருக்கிறார். பந்தலில் ஆட்கள் கிசுகிசுக்கிறார்கள். பெண் பிடிக்காமல் இதைச் சாக்காக வைத்துப் போய்விட்டான் என்றுகூட ஒருத்தி என் காது கேட்கச் சொன்னாள். சம்பந்தி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே ஓடினேன். ரூத் கல்யாணச் சேலையோடு ஜன்னலருகே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அழுவாள் என்று நினைத்தேன். "அம்மா, அவிய பட்டியளக் கொண்டுபோய் அடைச்சா அதுவளுக்குத் தின்ன என்ன குடுப்பாவ? சோறும் எறச்சியும் ஒரு கடவத்தில கெட்டுங்க" என்றாள். "ஏட்டி, அவரு திரும்பி வருவாரா மாட்டாரான்னு தெரியல்ல" என்றேன். "வருவாவ. இவ்வளவு நேரமும் எனக்குத்தான் இந்தக் கல்யாணம் வேணுமான்னு இருந்து. இப்ப இல்ல" என்றாள்.

அனுப்ப ஆள் கிடைக்கவில்லை. அந்த நாய்களிடம் போக யாருக்குத் துணிச்சல்? நானே அந்த ஓலைக் கடவப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, பட்டுச் சேலையோடு மலை ஏறினேன். மகளுக்குக் கல்யாணம், விருந்துச் சோற்றை நாய்க்குச் சுமந்து போகிறோமே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். பங்களாவுக்குப் பின்னால் கம்பி அடித்த நாய்க்கூடு ஒன்று கதவு பெயர்ந்து கிடந்தது. உன் அத்தான் அந்தக் கதவை நிமிர்த்திக் கட்டிவிட்டு, உள்ளே நாய்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். கோட்டெல்லாம் செம்மண். என்னைக் கண்டு திடுக்கிட்டு எழுந்தார்.

"மாமி, அடைச்சுட்டேன். பெறவுதான் யோசிச்சேன், குடுக்க ஒண்ணும் இல்ல. விட்டுட்டு வர மனசு வரல்ல" என்றார். கொஞ்சம் தயங்கி, "அவ என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"சோறு கொண்டுபோகச் சொன்னா" என்றேன்.

அவர் கடவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். நாய்கள் தின்று முடிக்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம். வெளிச்சம் போவதற்குள் இறங்கி வந்துவிட்டோம். அந்தச் செம்மண் கோட்டோடுதான் தாலி கட்டினார். ஐயர் ஜெபம் பண்ணும்போது, ஊதச் சொல்லி அவசரப்படுத்தின சம்பந்தி தேம்பி அழுததைப் பலரும் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்திருப்பார்கள்.

அதன்பிறகு அப்பாதான் தினமும் மரச்சீனிக் கிழங்கும் கருவாட்டுத் தலையும் வேகவைத்து மேலே கொண்டுபோனார். கொம்பை அவர் தொடவில்லை. அத்தான் கருங்கலுக்குக் கொண்டுபோய்விட்டார். கடைசி நாய் கிழடாகிச் சாகிற வரைக்கும் அப்பா போனார். தாசையன்கூட அவருக்கு உடம்புக்கு முடியாத நாட்களில் கிழங்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

இப்போது உன் ஆட்களுக்கு வருகிறேன். நீ சின்ன வயதில் போர்டிங்கிலிருந்து லீவுக்கு வந்து என் மடியில் படுத்து அழுதாயே, நினைவிருக்கிறதா? மணி அடித்ததும் ஓடிப்போய் வரிசையில் நின்றேன், என் முறை வரும்போது கஞ்சி தீர்ந்துவிட்டது என்றாய். மணி அடித்தவனை எவ்வளவு ஏசினாய். நீ திருப்பி அனுப்பின அந்த இரண்டு பேர் ஏன் பிந்தினார்கள் என்று கேட்டாயா? பிள்ளைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். அன்றைக்கு அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததா? கூப்பிட்டதும் ஒருவன் ஓடி வருகிறான் என்றால் அது உன் பெருமை இல்லை மகனே. உன்னை நம்பி, அல்லது உன்னைவிட்டால் வழியில்லாமல் வருகிறான். வந்தவனுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமல் கூப்பிடுவதைப் போலக் கொடுமை வேறில்லை. அதை நான் முற்றத்தில் நின்று, கண்ணால் பார்த்தவள். அந்த இரண்டு பேரையும் வரவழைத்துப் பேசு. பேசிவிட்டு எனக்கு எழுது. அதற்கு முன் வேறு செய்தி ஒன்றும் எழுத வேண்டாம்.

இதை எழுதி முடித்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அந்த நாளைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மிளகைச் சாக்கில் கட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "ஒண்ணு விட்டுட்ட" என்றார். என்ன என்று கேட்டேன். "தாசையன் ரெண்டாமத்த வெடிக்கு மருந்து இடிக்கும்போ, அந்த வெடியில செத்த பட்டி எனக்க முகத்தப் பாத்து வால ஆட்டிச்சு. நான் அதுக்குப் பெறவும் ஊதினேன். அதையும் அவனுக்கு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

உன் அம்மா